காய்ச்சலுக்கே பயப்படும் ஒரு சமூகமாக நாம் மாறியது எப்படி? - பெருந்தொற்றுக் காலத்தில் ஓர் இன்புளுவென்சா ஊசி

2020இன் இறுதியில் ஒரு நாள் என் உம்மாவிடம், "கண்டிக்குப் போய் இன்புளுவென்சா ஊசி ஒன்று போட்டுக்கொண்டு வருவோம்" என்று சொன்னேன். அப்போது உம்மாவுக்கு 72 வயது. இருபது வருடங்களாகச் சீனி வருத்தம். மழை தொடங்கினால் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். ஊசிக்குப் பயந்தவர் அல்லர். தினமும் காலையில் தன் கையாலேயே இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். அப்படிப்பட்டவர் சொன்ன பதில் என்னைப் பேச முடியாமல் ஆக்கிவிட்டது.

"ஊசி போட்டா காய்ச்சல் வருமாம் மகன். காய்ச்சல் வந்தா கொரோனா எண்டு கூட்டிக்கொண்டு போவாங்க. அங்க மௌத்தானா எரிச்சிருவாங்க. எனக்கு ஊசி வாணாம். தடிமன் வந்தா கொத்தமல்லி குடிச்சிட்டு ஊட்டோட ஈக்கிறன்."

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். நோயெதிர்ப்புச் சக்தி, பிறபொருளெதிரி என்று கரும்பலகையில் எழுதி இருபது வருடங்களாக விளக்கி வருகிறேன். உம்மாவின் இந்த நான்கு வரிக்குப் பதில் என் பாடப் புத்தகத்தில் இல்லை. ஏனென்றால் அவர் ஊசியைப் பற்றிப் பேசவில்லை. இந்த நாட்டில் அப்போது ஒரு முஸ்லிமின் ஜனாஸாவுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் பேசினார்.

பயம் எங்கிருந்து வந்தது?

இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமல்ல. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் கொவிட் தொற்றினால் மரணிப்போரின் உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலே சொல்லியிருக்கும்போது, இங்கு ஒரு வழி மட்டும் திறக்கப்பட்டு மற்றது அடைக்கப்பட்டது. ஒக்டோபர் 4ஆம் திகதி மினுவங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கொத்தணியும், அதைத் தொடர்ந்த பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணியும் கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளுக்குள் நுழைந்தபோது எமது ஜனாஸாக்களின் எண்ணிக்கையும் கூடியது. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் கட்டாயத் தகனத்துக்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலேயே தள்ளுபடி செய்தது. அடுத்த வாரமே பிறந்து இருபது நாட்களேயான ஒரு பச்சிளம் குழந்தை தகனம் செய்யப்பட்டது. அதன் பிறகு பொரளை கனத்தை மயான வேலியில் கட்டப்பட்ட வெள்ளைத் துணிகளை நாம் எல்லோரும் பார்த்தோம். அவற்றைக் கட்டியவர்களுள் பிற சமூகத்தவர்களும் இருந்தார்கள் என்பது மட்டுமே மனதுக்குக் கிடைத்த ஆறுதல்.

இவ்வளவையும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயோதிபத் தாய், காய்ச்சல் என்ற சொல்லுக்கே பயந்ததில் வியப்பில்லை. என் கவலை வேறு. அந்தப் பயம் அப்போது எம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது என்பதே என் கவலை.

எங்கள் ஊரில் அப்போது யாருக்கும் காய்ச்சல் இருக்கவில்லை! கேட்டால் "சும்மா தடிமன்" என்றார்கள். இருமல் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமினார்கள். பாமசியில் தனக்கு என்று கேட்காமல், பிள்ளைக்கு என்று சொல்லிப் பனடோல் வாங்கினார்கள். நவம்பர் 23ஆம் திகதி தரம் 6 முதல் மேல் வகுப்புகள் மீண்டும் தொடங்கிய பிறகு, மூக்கு வடிய வந்த மாணவன் ஒருவனிடம் "ஏன் வீட்டில் நிற்கவில்லை?" என்று கேட்டேன். "லீவு போட்டா பி.எச்.ஐ. வருவார் எண்டு வாப்பா சொன்னார் சேர்" என்றான். பரிசோதனைக்குப் பயந்து ஒரு பிள்ளையை வகுப்பறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் ஓர் உம்மம்மாவோ மூத்தவாப்பாவோ இருக்கக் கூடும்.

மூன்று நாட்களின் விலை

இதை நான் வெளியே நின்று குறை சொல்லவில்லை. இதே தவறை நானும் செய்தவன்.

2019 ஜூன் மாதம். நோன்புப் பெருநாள் முடிந்து சில நாட்கள். என் இளைய மகன் பாடசாலையிலிருந்து காய்ச்சலோடு வந்தான். இரண்டு நாளில் எழுந்து ஓடினான். அது வாப்பாவுக்குத் தொற்றியது. அது என்ன காலம் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல் தாக்குதல்கள் நடந்து இரண்டு மாதமும் ஆகவில்லை. மே மாதத்தில் குருநாகல் பக்கமும் மினுவங்கொடையிலும் எம்மவர்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டிருந்தன. அபாயா அணிந்த என் மனைவியும் தாத்தாவும் வைத்தியசாலை வாயிலில் எப்படி நடத்தப்படுவார்களோ என்று தயங்கினோம். "நாளைக்குப் பார்ப்போம்" என்று மூன்று நாட்கள் போயின. நான்காம் நாள் வாப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கொண்டுபோனபோது நியூமோனியா இரண்டு பக்கமும் பரவிவிட்டது என்றார்கள். ஆரம்பம் இன்புளுவென்சா. பதினோராம் நாள் வாப்பா எம்மை விட்டுப் பிரிந்தார்.

வாயிலில் எங்களை யாரும் அவமதிக்கவில்லை என்பதையும் இங்கு எழுதியாக வேண்டும். வாப்பாவின் முதுகைத் தட்டிச் சளி எடுத்த சிங்களத் தாதியின் கையை நான் மறக்கமாட்டேன். நாங்கள் பயந்தது நடக்கவில்லை. ஆனால் பயத்துக்குக் கொடுத்த மூன்று நாட்களும் திரும்பி வரவில்லை. அஜல் அல்லாஹ்விடம் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மூன்று நாட்களைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் என்பதிலும் சந்தேகமில்லை.

அன்று அஸருக்குப் பிறகு ஊரே திரண்டு வந்து வாப்பாவை எங்கள் மையவாடியில் அடக்கம் செய்தது. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று 2020இல்தான் எனக்குப் புரிந்தது.

இந்த ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது?

முதலில் செய்யாததைச் சொல்லிவிடுகிறேன். இன்புளுவென்சா ஊசி கொவிட்டைத் தடுக்காது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டும் வெவ்வேறு வைரசுகள்.

அது செய்வது இதுதான்: இன்புளுவென்சா வருவதற்கான வாய்ப்பைக் குறைக்கும், வந்தாலும் நியூமோனியா வரை போய் வாட்டில் படுக்கும் நிலையைக் குறைக்கும். இன்புளுவென்சா வைரஸ் வருடந்தோறும் உருமாறுவதால் ஊசியும் மாறுகிறது. எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வருடத்துக்கு இரு முறை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் அறிவிக்கிறது. ஊசிக்கும் பரவும் வைரசுக்கும் நன்கு பொருந்தும் வருடங்களில் அது 40 முதல் 60 வீதம் வரை நோயைக் குறைக்கிறது. நூறு வீதம் அல்ல. ஆனால் தலைக்கவசமும் நூறு வீதம் காப்பதில்லை; அதனால் யாரும் அதைக் கழற்றி வைப்பதில்லை.

"சாதாரணத் தடிமனுக்கு ஊசியா?" என்று கேட்பவர்கள் உண்டு. இன்புளுவென்சா தடிமன் அல்ல. உலகில் ஒவ்வொரு வருடமும் 290,000 முதல் 650,000 பேர் வரை அதனால் ஏற்படும் சுவாச நோய்களில் மரணிப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. 2018 மே மாதம் எமது நாட்டின் தென் மாகாணத்தில் சிறு பிள்ளைகள் வைரஸ் காய்ச்சலால் அடுத்தடுத்து மரணித்தபோது ஆரம்ப வகுப்புகளை மூட வேண்டி வந்ததை ஆசிரியர்கள் நாம் மறக்கவில்லை. குளிர் நாடுகளில் இது குளிர்கால நோய். இலங்கையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு முறையும், நவம்பர் தொடங்கிப் புத்தாண்டை ஒட்டிய மாதங்களில் இன்னொரு முறையும் தலைதூக்குகிறது. அதாவது நாம் அப்போது அந்தக் காலத்துக்குள்தான் இருந்தோம்.

2020இல் ஏன் குறிப்பாகப் போட வேண்டியிருந்தது? காய்ச்சல், இருமல், உடம்பு வலி ஆகிய மூன்றும் இன்புளுவென்சாவிலும் உண்டு, கொவிட்டிலும் உண்டு. வீட்டில் இருந்துகொண்டு எது எதுவென்று பிரித்தறிய அப்போது முடியவில்லை. ஆகவே அப்போது ஒருவருக்கு இன்புளுவென்சா வந்தால் அவர் கொவிட் சந்தேகத்துக்குரியவர் ஆனார், அவருக்குப் பரிசோதனை நடந்தது, முடிவு வரும்வரை குடும்பமே வீட்டுக்குள் இருந்தது. வைத்தியசாலையில் சேர்க்க வேண்டி வந்தால், கொவிட் நோயாளர் நடமாடிய இடத்துக்கே பலவீனமான ஒருவரை அனுப்பினோம். இரண்டு தொற்றும் ஒன்றாக வந்தால் சீனி, இருதயம், சிறுநீரகம், ஆஸ்துமா உள்ளவர்களின் நிலை இன்னும் மோசம்.

உம்மாவுக்கு நான் கடைசியில் சொன்னதும் இதைத்தான். "உம்மா, நீங்கள் காய்ச்சலுக்குப் பயந்து ஊசியை வேண்டாம் என்கிறீர்கள். இந்த ஊசியே காய்ச்சல் வராமல் இருப்பதற்குத்தான். வைத்தியசாலைக்குப் போகப் பயமென்றால், அங்கு போக வேண்டி வராமல் பார்த்துக்கொள்வதுதான் புத்தி."

வீட்டில் ஒளிந்திருப்பது காப்பாற்றாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வீட்டில் மரணித்தோருக்கும் மரணத்தின் பின்னர் பி.சி.ஆர். பரிசோதனை செய்யப்பட்டதை 2020இன் இறுதி மாதங்களில் கண்டோம். நோயை மறைத்தவர் எந்த முடிவுக்குப் பயந்து மறைத்தாரோ, சிகிச்சையும் கிடைக்காமல் அந்த முடிவையே அடைந்தார்.

வதந்திகளுக்கு என்ன பதில்?

ஊசியால் கொரோனா பொசிட்டிவ் வந்துவிடும் என்ற கதை முதலாவது. இந்த ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட இன்புளுவென்சா வைரசின் பகுதிகள். பி.சி.ஆர். தேடுவது கொரோனா வைரசின் மரபணுவை. ஒன்றைப் போட்டு மற்றது காட்டாது. கையில் வலி, சிலருக்கு ஓரிரு நாள் இலேசான காய்ச்சல், உடம்பு அலுப்பு ஆகியன வரலாம். ஊசி போட்டதற்கான துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, இருமலும் மூச்சு முட்டும் சேர்ந்தாலோ அது ஊசியின் விளைவு அல்ல. மறைக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

பன்றி ஜெலட்டின் பற்றிய கதை இரண்டாவது. மூக்கினுள் விசிறும் ஒரு வகை இன்புளுவென்சா மருந்தில் அது உண்டு என்பது உண்மை. கையில் போடும் வழமையான ஊசி அது அல்ல. சந்தேகமுள்ளவர் பெட்டிக்குள் இருக்கும் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அது நுகர்வோரின் உரிமை. ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் ஊசியைக் கட்டாயமாகவும், இன்புளுவென்சா ஊசியைச் சவூதி சுகாதார அமைச்சின் பரிந்துரையின்படியும் போட்டுக்கொண்டவர்கள் நாம். அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகப் போட்ட ஊசி, எம் வீட்டு முதியவரைக் காக்கப் போடும்போது மட்டும் எப்படிப் பிழையாகும்?

மூன்றாவது கதைதான் என்னை அதிகம் வருத்துகிறது. "இது எமது சமூகத்தை மலடாக்கும் ஊசி" என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றியது. எனக்கு அதை அனுப்பியவர் ஒரு பட்டதாரி. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் ஹோட்டலின் கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை இருப்பதாகக் கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது அதே மலட்டுக் கதை பாய்ந்தது. ஆதாரமில்லாத மலட்டுக் கதையால் இந்த நாட்டில் அதிகம் அடிபட்ட சமூகம் எமது சமூகம். அதே கதையை வேறு ஒரு பொருளின் மீது ஒட்டி நாமே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தால், அம்பாறையில் எமக்கு நடந்தது அநியாயம் என்று எந்த முகத்தோடு சொல்லப்போகிறோம்?

நியாயமான ஒரு கேள்வியும் உண்டு. முகக்கவசமும் இடைவெளியும் மூடிய விமான நிலையமும் சேர்ந்து இன்புளுவென்சாவையும் குறைத்துவிட்டனவே, பிறகு ஊசி எதற்கு என்று படித்த நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான். 2020இல் அவுஸ்திரேலியாவின் குளிர்காலத்தில் இன்புளுவென்சா மிகவும் குறைந்திருந்தது. ஆனால் அங்கே அதற்கு முன்பே ஏராளமானோர் ஊசி போட்டிருந்தார்கள். எங்கள் சந்தையிலும் பஸ்ஸிலும் முகக்கவசம் நாடிக்குக் கீழேதான் இருந்தது. எல்லோரும் முண்டியடித்து ஊசி தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 65 வயதைத் தாண்டியவர்கள், நீண்டகால நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோயாளரைப் பராமரிப்பவர்கள் ஆகியோரே முதலில் யோசிக்க வேண்டியவர்கள். முன்பு இந்த ஊசிக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்களும், தற்போது கடும் காய்ச்சல் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் போடக் கூடாது. பாதுகாப்பு உருவாக இரு வாரங்கள் எடுக்கும் என்பதால், ஊரில் காய்ச்சல் பரவிய பிறகு ஓடுவதில் பெரிய பயனில்லை.

அரசுக்கும் எமக்கும்

போலியோவின் கடைசி நோயாளியை 1993இல் கண்ட நாடு இது. 2019இல் சின்னமுத்தை ஒழித்ததாக அங்கீகாரம் பெற்ற நாடு. கிளினிக்கில் நிறை பார்த்து, அட்டையில் குறித்து, பிள்ளைகளுக்கு ஊசி போட்ட மருத்துவமாதுகள் மீது எல்லாச் சமூகத்துத் தாய்மாரும் வைத்த நம்பிக்கையே அந்த வெற்றியின் அடித்தளம். எமது தாய்மாரும் அதில் பின்நிற்கவில்லை. அந்த நம்பிக்கையைத்தான் கட்டாயத் தகனம் 2020இல் அரித்தது. ஆகவே அது மார்க்க உரிமைப் பிரச்சினை மட்டுமல்ல, பொதுச் சுகாதாரப் பிரச்சினையும்கூட. ஒரு சமூகம் காய்ச்சலை மறைத்தால் அதன் விளைவு பக்கத்து வீட்டுச் சிங்களவரையும் தமிழரையும் சேர்த்தே தாக்கும். அடக்கத்துக்கு அனுமதி கொடுங்கள் என்று கேட்டதோடு, இந்த வாதத்தையும் எமது பிரதிநிதிகள் சுகாதார அதிகாரிகளிடம் முன்வைத்திருக்க வேண்டும். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பொதுமக்களுக்கான ஊசியாக இன்புளுவென்சா ஊசி இல்லை. தனியாரிடம் பணம் கொடுத்தே போட வேண்டியிருக்கிறது. ஆபத்தில் உள்ள முதியவர்களுக்காவது அதை இலவசமாக வழங்கும்படி கேட்பதும் நியாயமான கோரிக்கையே.

எமது பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஜனாஸாவுக்கென்று நிதியம் வைத்திருக்கும் மஹல்லாக்கள், உயிரோடு இருக்கும் முதியவர்களுக்காகவும் ஒரு சிறு நிதி ஒதுக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரியைப் பள்ளிவாசலுக்கு அழைத்து, மக்கள் தமது பயத்தை நேருக்கு நேர் கேட்க வழி செய்யலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்று மிம்பரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கயிறு எது என்பதையும் ஒரு ஜும்ஆவில் சொல்லலாம்.

இது இன்புளுவென்சாவோடு முடியும் விடயமும் அல்ல. பிரித்தானியாவில் 2020 டிசம்பர் 8ஆம் திகதி கொவிட் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இங்கும் அது 2021இல் வந்தது. புதிய தடுப்பூசி ஒன்று வரும்போது எமது வீடுகளில் எழும் கேள்விகள் இந்தச் சிறிய ஊசிக்கு எழுந்த அதே கேள்விகள்தாம். இன்றே அவற்றுக்குப் பதில் தேடிப் பழகாவிட்டால் அன்று வரிசையில் எமது மூத்தவர்களின் இடம் வெறுமையாக இருக்கும்.

உம்மா ஊசி போட்டாரா என்று வாசகர்கள் கேட்கலாம். போட்டார். முதலில் போன இரண்டு இடங்களில் ஊசி முடிந்திருந்தது. மூன்றாம் இடத்தில் கிடைத்தது. அன்றிரவு உம்மாவுக்கு உடம்பு இலேசாகச் சுட்டது. உம்மா தஸ்பீஹோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நானும் தூங்கவில்லை. பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டியபோது, மேசையில் கிடந்த வெப்பமானியை எடுத்துச் சட்டைப் பைக்குள் மறைத்தேன். விஞ்ஞான ஆசிரியர்! அவர்கள் போன பிறகு வெட்கமாக இருந்தது. பிள்ளையைக் காய்ச்சலோடு பாடசாலைக்கு அனுப்பிய அந்த வாப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

சுபஹுக்கு எழும்பும்போது உம்மாவின் நெற்றி குளிர்ந்திருந்தது. அந்த வெப்பமானியை மீண்டும் மேசையில், எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வைத்தேன். இன்று வரை அது அங்கேயே இருக்கிறது.

எமது ஜனாஸாக்களின் கண்ணியத்துக்காகத் தொடர்ந்து குரல் கொடுப்போம். அதே நேரத்தில், எமது முதியவர்கள் ஜனாஸாவாகாமல் இருக்க எம் கையில் உள்ளதையும் செய்வோம். அல்லாஹ் எம் எல்லோருக்கும் ஆபியத்தைத் தருவானாக.